சேம் சைடு கோல்

எழுதிக்கிடுங்க தம்பி. பேரு கஸ்பார் ரொட்ரிகோ. ஊரு தூத்துக்குடி. தொண்ணூத்தெட்டு - தொண்ணூத்தொம்பது சீசன் யூனிவர்சிட்டி புட்பால் டீமு கேப்டன். ஆடுன எடம் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்கவன். 'முன்னாள் கேப்டன்'னு போட்டுராதிய. அந்த வருஷத்துக்கு நான்தான் கேப்டன், அது என்னைக்கும் நான்தான்.

போன்லயே சொன்னேன்லா, விழாவுக்கு நான் வரலன்னு. இந்த வெயில்ல பஸ்ஸு ஏறி வந்துருக்கிய, அதுக்காகத்தான் சொல்லுதேன். இருபத்தஞ்சாவது வருஷம், விழா மலர் போடுதோம், ஆளுக்கு அரைப் பக்கம்னு சொன்னிய. போடுங்க. ஆனா நான் சொல்லுத மாதிரியே வரணும். நீங்க காலேஜு வாத்தியாரு, அழகு பண்ணுதேன்னு அங்கனயும் இங்கனயும் மாத்திரப்பிடாது. ரெஜினா, தம்பிக்கு ஒரு கலர் சோடா எடுத்துட்டு வா. பன்னீர் கலர் இருக்கும் பாரு. எம் வீட்டுக்காரி தம்பி.

எங்க இருந்து ஆரம்பிக்க? கேம்ப்ல இருந்து ஆரம்பிக்கேன். யூனிவர்சிட்டி டீமுன்னா உங்களுக்கே தெரியும், பதினாறு பேரு, பதினோரு காலேஜு. ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்திருக்க மாட்டான். பாத்திருந்தாலும் எதிர் டீமுல நின்னு முட்டிக்கிட்டதுதான். அவனுவள எல்லாம் ஒரே கிரவுண்டுல போட்டு, பதினஞ்சு நாளுல ஒரு டீமா ஆக்கணும். எபனேசர் சாருதான் கோச்சு. நல்ல மனுஷன், இப்ப இல்ல. ஒரு வார்த்த தப்பாப் பேச மாட்டாரு. கோவம் வந்தா விசில வாய்ல வச்சிக்கிட்டு ஊதாம நிப்பாரு. நாங்க பயந்துருவோம்.

அங்கதான் அவன் வந்தான். பேரு திருமலைக்குமார். பண்பொழிக்காரன், மலையடிவாரம். கீப்பரு. ஒல்லியா, நெடுநெடுன்னு, கையி ரெண்டும் முட்டுக்கு கீழ வரைக்கும் கெடக்கும். என்னைய விட ரெண்டு வயசு சின்னவன். வந்த அன்னைக்கே "அண்ணே, உங்க ஆட்டத்த காலேஜு மேட்ச்ல பாத்திருக்கேன்"னு சொல்லி எம் பக்கத்துலயே பாய விரிச்சிட்டான். சாப்பாட்டு வரிசைல எனக்கும் சேத்து தட்டு எடுத்துட்டு நிப்பான். எனக்கு வலது கணுக்காலு அடிக்கடி வீங்கும். தைலம் வாங்கி வச்சிக்கிட்டு, "நீட்டுங்கண்ணே"ம்பான். நான் நீட்டுவேன்.

எதுக்குச் சொல்லுதேன்னா, யாரோ ஒருத்தன் முதுகுல குத்தினா அது வேற. இவன் அப்பிடி இல்ல. ஒரு தடவ எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன். எங்க அம்மா சீலா மீன் வறுத்து வச்சா. "இத எங்கருந்து கடிக்கணும்"னு கேட்டான் பாருங்க, எங்க அம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துட்டு. கடலுக்குள்ள முழங்காலு வரைக்கும்தான் எறங்குனான். அதுக்கு மேல போக மாட்டேன்னுட்டான்.

சரி, விஷயத்துக்கு வாரேன். மூணாம் நாளோ நாலாம் நாளோ பிராக்டீஸ்ல ஒரு கிராஸ் வருது. நான் அடிக்க காலத் தூக்குதேன். அவன் முன்னால பாஞ்சு வந்து "விடு, விடு"ன்னு கத்துதான். நான் விட்டேன் ஒண்ணு. பந்து போச்சு, அவன் சுண்டு விரலும் போச்சு. வளைஞ்சு தொங்குது. "அண்ணே, விடுன்னு சொன்னேன்லா"ன்னு அழுவுதான். "அதாம்ல விட்டேன்"னேன்.

உங்களுக்குப் புரியலியா? நீங்க எந்த ஊரு? மதுரயா? அதான். உங்களுக்கு விடுன்னா பேசாம இரு, தொடாதன்னு அர்த்தம். எங்க கரையில அப்பிடி இல்ல தம்பி. வலைய விடுன்னா வலைய வீசணும். வள்ளத்த விடுன்னா தள்ளி கடலுக்குள்ள எறக்கணும். சின்னதுல இருந்து கோயிலுக்குப் பின்னால மணல்ல ஆடுதோம். காலுல பந்து வந்தா சுத்தி நிக்கவன் எல்லாம் "விடுல, விடுல"ன்னு கத்துவான். கத்தினா, இருக்க பலத்த எல்லாம் சேத்து ஒரே அடி. அந்தச் சொல்லு காதுல விழுந்தா எங் காலு என்னையக் கேக்காது. அது பாட்டுக்கு போயிரும்.

அன்னைக்கே பேசி முடிவு பண்ணுனோம். விரல்ல கட்டுப் போட்டு உக்காந்திருந்தான். நான் கேப்டன், நான்தான் சொன்னேன். "ஏலே, உன் விடு எனக்கு ஆவாது. பந்து உனக்கு வேணும்னா 'கீப்பர்'னு கத்து. ஒதுங்கிக்கிடுதேன்." "சரிண்ணே"ன்னான். அதோட சரி. பல்லு வெளக்கும்போது கூட தனியா நின்னு "கீப்பர், கீப்பர்"னு சொல்லிப் பழகுவான். பயலுவ கேலி பண்ணுவானுவ. அந்த ஒத்தச் சொல்ல வச்சித்தான் தம்பி எங்க டிபென்ஸே நின்னுச்சு. இத எழுதிட்டியளா? 'கேப்டனுக்கும் கீப்பருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது'ன்னு எழுதுங்க. ஒப்பந்தம்ங்கற வார்த்த வரணும்.

பொறவு கேரளாவுக்குப் போனோம், தென்மண்டலப் போட்டிக்கு. ரிசர்வேசன் கெடையாது. டிராக் சூட்டு பன்னெண்டு பேருக்குத்தான் வந்துது. மிச்ச நாலு பேரு கைலியோட வந்தானுவ. திருமலையும் கைலிதான். முத மேட்ச்சு மூணுக்கு சைபர். ரெண்டாவது மேட்ச்சு, மழன்னா மழ, பந்து மிதக்கு. அதுல ஒண்ணுக்கு சைபர். மூணாவது பெனால்டி வரைக்கும் போச்சு. ரெண்டு பெனால்டி பிடிச்சான் அவன், அந்த வளைஞ்ச விரலோட. உள்ளதச் சொல்லணும்லா. ரெண்டாவதப் பிடிச்சிட்டு நேரா எங்கிட்டதான் ஓடி வந்தான். மத்தவன் எல்லாரும் அவனைத் தூக்க வாரான், அவன் என்னையத் தூக்குதான்.

நாலாவது கால் இறுதி. அதுல ஜெயிச்சா அகில இந்தியப் போட்டிக்குப் போலாம். நம்ம யூனிவர்சிட்டி அதுக்கு முன்னால போனதே கெடையாது. எனக்கு இன்னொண்ணும் இருந்துச்சு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லு டீமு. அவங்களுக்கு ஸ்டாப்பர் வேணும், வேலையும் உண்டு, மாசச் சம்பளம். அந்த மேனேஜரு எங்க மேட்ச்சுகளப் பாக்க வந்திருந்தாரு. எங்க வீட்டுல நாலு தலமுறையா கடல்தான் தம்பி. காலேஜு வாசல மிதிச்சவன் நான் ஒருத்தன். 'ஒருத்தனாவது கரையில நின்னு சம்பாதிக்கணும்'னு எங்க அப்பா வள்ளத்துல ஏறும்போதெல்லாம் சொல்லுவாரு. அதனால அந்த மேட்ச்சு எனக்கு வெறும் மேட்ச்சு இல்ல.

எதிர் டீமு கேரளாக்காரன். அவன் ஒம்பதாம் நம்பர் ஒருத்தன், நல்ல வெவரமானவன். எங்க முந்தின மேட்ச்செல்லாம் வேலியோரமா நின்னு பாத்திருக்கான். மொத பாதியில ஒரு பந்து வருது, எனக்குப் பின்னால "கீப்பர்"னு சத்தம். நான் ஒதுங்கிட்டேன். பாத்தா திருமலை கோல் லைன்ல நிக்கான். கத்துனது அந்த ஒம்பதாம் நம்பர். பந்து போஸ்ட்டுல அடிச்சு வெளிய போச்சு. தப்பிச்சோம். ஆஃப் டைம் வரைக்கும் சைபருக்கு சைபர்.

இப்பதான் கவனமா எழுதணும். இதத்தான் திருமலை ஊரெல்லாம் தன் பக்கத்துக்கு சொல்லியிருப்பான். அதனால நானே சொல்லிருதேன், என்ன நடந்துச்சோ அப்பிடியே.

ஆஃப் டைம்ல நான் டீமோட இல்ல. ஆமா, இல்ல. அந்த மேனேஜரு வேலியோரமா குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. கையக் காட்டி கூப்பிட்டாரு. போனேன். பெரிய மனுஷன் கூப்பிட்டா போவாம இருக்க முடியுமா? என்ன படிக்கேன், எத்தன அண்ணன் தம்பி, கோயம்புத்தூர் வந்தா ஊரு ஒட்டுமான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல அங்க என்ன நடந்துச்சுன்னு லெஃப்ட் பேக்கு செல்லத்துர பொறவு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாரு சொல்லியிருக்காரு, "அந்தப் பய நம்ம சொல்லத் தெரிஞ்சிக்கிட்டான். இனிமே கீப்பர்னு கூப்பிட வேண்டாம். விடுன்னு கூப்பிடு. எல்லாரும் கேட்டுக்கோங்க. கஸ்பார்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு திருமலை."

பாத்தியளா? கேப்டன் இல்லாத நேரத்துல சொல்ல மாத்திட்டாவ. பதினஞ்சு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அதுக்கு என்ன பேரு தம்பி? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.

அவன் வந்தானான்னு கேக்கிய. வந்தான். நான் இல்லைங்கல. கிரவுண்டுக்குள்ள எறங்கும்போது பக்கத்துல ஓடி வந்தான். "அண்ணே, ஒரு விஷயம்"னான். எனக்கு அப்ப மனசு பூரா அந்த மேனேஜரு சொன்னதுலயே நிக்கு. "ஒட்டுமா"ன்னு கேட்டாருன்னா எடுத்துக்கிட்டாருன்னுதான அர்த்தம். "பொறவு பாப்போம்ல"ன்னேன். "இல்லண்ணே, சாரு சொன்னாரு"ன்னான். "எல்லாம் எனக்குத் தெரியும், போயி நில்லு"ன்னேன். ரெஃப்ரி விசில் அடிச்சிட்டாரு. போயிட்டான்.

ஒரு முக்கியமான விஷயத்தச் சொல்ல வாரவன் அப்பிடியா சொல்லுவான்? கையப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும்லா? நான் கோவப்பட்டா கோவப்பட்டுட்டுப் போறேன். மூணு வாரம் எம் பாய்க்குப் பக்கத்துல படுத்தவன், தைலம் தேச்சவன், ஒரே ஒரு வார்த்தைய என் காதுல போட முடியலன்னா அது என்ன பாசம்? ஏன் எழுதாம இருக்கிய? எழுதுங்க. கலர் சூடாயிரும், அதையும் குடிங்க.

ரெண்டாவது பாதி பூரா பந்து அவங்க கோல் பக்கம்தான். அவன் கூப்பிடத் தேவையே வரல. ஆட்டம் முடிய எட்டு நிமிஷம். வலது பக்கத்துல இருந்து ஒரு கிராஸ். சாதாரண கிராஸ் தம்பி, எங்க தெருப் பிள்ளைய கூட எடுத்துரும். நான் நம்ம கோலப் பாத்து திரும்பி நிக்கேன். அவன் வெளிய வாரான். கைய நீட்டிட்டான். "விடு"ன்னான்.

எங் காலு போயிட்டு.

அவன் கைக்கு மேல போயி, நம்ம வலையோட மேல்மூலைல. அப்பிடி ஒரு அடிய எதிர் கோல்ல நான் வாழ்க்கையில அடிச்சதில்ல. சேம் சைடு. அந்தக் கூட்டம் பூரா சிரிச்சாவ. கைதட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன், சிரிச்சாவ.

ஒண்ணுக்கு சைபர். முடிஞ்சு போச்சு.

இது வரைக்கும் தோல்வி. தோல்விய மறந்துரலாம். இதுக்குப் பொறவு ஒண்ணு செஞ்சான் பாருங்க, அதான் துரோகம்.

எல்லாரும் ரூமுல உக்காந்திருக்கோம். சாரு உள்ள வந்தாரு. விசிலு வாய்ல இருக்கு, ஊதல. மேனேஜரும் பின்னாலயே வந்து கதவோரமா நிக்காரு. சாரு விசில எடுத்துட்டு திருமலையப் பாத்து கேட்டாரு, "கஸ்பார்கிட்ட சொல்லச் சொன்னேனே. சொன்னியா?"

நான் அவனப் பாக்கேன். அவன் என்னையப் பாக்கான். 'போயிச் சொன்னேன் சார், அவருதான் கேக்கல'ம்பான், மேனேஜரு கேட்டுட்டு இருக்காரு, வேல போச்சு, எங்க அப்பா ஆசையும் போச்சு. எல்லாம் அந்த ஒரு மூச்சுல ஓடுது.

அவன் சொன்னான், "மறந்துட்டேன் சார்."

அவ்வளவுதான். அந்த வளைஞ்ச விரலப் பாத்துக்கிட்டே சொன்னான். சாரு திரும்பி வர ரயில்ல அவன் மொகத்தையே பாக்கல. பயலுவ எல்லாம் அவன் இருந்த பெட்டில இருந்து எந்திச்சு வேற எடத்துக்குப் போயிட்டானுவ. மேனேஜரு எந் தோள்ல கையப் போட்டு, "உன் தப்பு இல்லப்பா, கோவத்துல ஆட்டத்த விட்டுராத"ன்னாரு. அடுத்த மாசம் ஆர்டர் வந்துட்டு.

எனக்கு நல்லதுதான செஞ்சான்னு உங்க மொகம் கேக்குது. எனக்குத் தெரியும் தம்பி, அப்பிடித்தான் கேக்கத் தோணும். ஆனா எம் பக்கத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. நான் கேட்டனா அவன்கிட்ட, பொய் சொல்லுன்னு? ஒரு கண்ணு காட்டுனனா? அவனா சொன்னான். சொல்லி என் வாயக் கட்டிட்டான். அவன் 'மறந்துட்டேன்'னு சொன்னதுக்கப்புறம் நான் எந்திச்சு, 'இல்ல சார், அவன் வந்தான்'னு எப்பிடிச் சொல்ல? சொல்லிருக்கலாமா? சொல்லிருக்கலாம். சொல்லல. சம்பளத்தக் கையில வாங்கும்போதெல்லாம் அவன் மொகந்தான். எங்க அம்மா கேப்பா, "அந்த மலக்காரப் பய ஏன் வரதே இல்ல"ன்னு. நான் என்னத்தச் சொல்ல? ஒரு மனுஷன ஆயுசுக்கும் தலகுனிய வைக்கதுக்கு இத விட வழி இருக்கா? அடிச்சிருந்தா திருப்பி அடிச்சிருப்பேன்.

மறுவருஷம் மில்லுக்கு கீப்பர் தேவப்பட்டுச்சு. மேனேஜரு என்னையக் கூப்பிட்டு, "உங்க யூனிவர்சிட்டிப் பையன், அந்த ஒல்லிப் பய, எப்பிடி"ன்னு கேட்டாரு. "நல்லாப் பாய்வான் சார். ஆனா அவன் சொல்ல நம்ப முடியாது"ன்னேன். உள்ளதத்தான் சொன்னேன். கீப்பர்னு கூப்பிடுதேன்னு ஒப்புக்கிட்டு விடுன்னு கூப்பிட்டவன்தான? வேற ஒருத்தனப் போட்டுக்கிட்டாவ. திருமலை இப்ப செங்கோட்டைக்கிட்ட ஒரு புரோட்டாக் கடையில கல்லுல நிக்கான்னு கேள்வி. மாவு வீசுதானாம். கை நீளம்லா, நல்லாத்தான் வீசுவான்.

நான் அந்த மில்லுல ஒம்பது வருஷம் இருந்தேன். டீமக் கலைச்சாவ, வந்துட்டேன். இப்ப ஐஸ் கம்பெனில சூப்பர்வைசர். கரையிலதான் நிக்கேன். அப்பா பாத்துட்டுத்தான் கண்ண மூடுனாரு.

இவ்வளவுதான். இத அரைப் பக்கத்துல அடக்குங்க. அவனும் எழுதிக் குடுத்திருப்பான், போயிப் பாத்தியளா? குடுத்துட்டானா? பையிலயே இருக்கா? வாசிங்க பாப்போம். என்னத்த எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியாதா. மேனேஜர் குடை, நான் பல்லிளிச்சிக்கிட்டு நின்னது, போயி நில்லுன்னு வெரட்டுனது, எல்லாம் வந்திருக்கும். இருபத்தஞ்சு வருஷம் புரோட்டாக் கல்லு முன்னால நின்னுக்கிட்டு வாரவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லியிருப்பான். வாசிங்க, வருத்தப்பட மாட்டேன்.

என்ன, இவ்வளவுதானா? திரும்ப வாசிங்க.

'கால் இறுதியில் நாங்கள் தோற்றதற்கு நான்தான் காரணம். இடைவேளையில் எங்கள் கோச் சொன்னதை கேப்டனிடம் சொல்ல மறந்துவிட்டேன். கஸ்பார் அண்ணன் மாதிரி ஒரு ஸ்டாப்பருக்குப் பின்னால் நின்றதே எனக்குப் போதும்.'

பின்பக்கம் பாத்தியளா? ஒண்ணும் இல்லியா?

மேனேஜரப் பத்தி ஒரு வரி கூட இல்லியா? வாயால எதுவும் சொன்னானா உங்ககிட்ட? எதுவும் கேக்கலியா என்னையப் பத்தி? 'அண்ணனுக்குக் கணுக்காலு எப்பிடி இருக்கு'ன்னு கேட்டானா. வேற?

செல்லத்துரகிட்ட போனியளே, அவன்? அவனும் திருமலை மறந்துட்டான்னுதான் எழுதியிருக்கானா. மத்தவங்க எல்லாரும் அப்பிடித்தானா.

ரெஜினா, நீ எதுக்கு வாசல் நெலையப் பிடிச்சிக்கிட்டு நிக்க? டம்ளர எடுத்துட்டு உள்ள போ. போன்னு சொல்லுதேன்லா.

தம்பி, அந்த நோட்டக் காட்டுங்க. நீங்க வேகமா எழுதிருவிய போல. அந்த ஆஃப் டைம் சமாச்சாரம் இருக்குல்லா, வேலியோரம், குடை, அது எதுக்கு, விழா மலருக்கு? அத அடிச்சிருங்க. அவன் பக்கத்துல ஓடி வந்தான்னு நான் சொன்னதையும் அடிங்க. முழுசா அடிங்க, கீழ எழுத்து தெரியுது. மில்லுல கீப்பர் கேட்டது, நான் சொன்னது, அதுவும் வேண்டாம். படிக்கவங்களுக்கு அதெல்லாம் என்னத்துக்கு.

இப்ப வாசிங்க. மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்.

'இடைவேளையில் சொல்லை மாற்றியது எனக்குத் தெரியாது. கீப்பர் என்னிடம் சொல்லவில்லை.'

ஆமா. அது போதும். அவன் எழுதுனதுக்கும் நான் எழுதுனதுக்கும் ஒத்துப் போவுதுல்லா? பேனாவக் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?